லத்தீஃபாவின் மூக்கு

பூந்தமல்லி ட்ரங்க் ரோட்டிலிருந்து உள்ளே பிரிகிற அந்தச் சந்தில் லத்தீஃபாவின் மூக்கைப் பற்றித் தெரியாதவர்கள் கிடையாது. பார்வைக்கு அது அப்படியொன்றும் பிரமாதமான மூக்கு அல்ல. கொஞ்சம் சப்பை, ஒரு பக்கம் வெள்ளைக்கல் மூக்குத்தி, அவ்வளவுதான். ஆனால் கொதிக்கிற பாத்திரத்தின் மூடியை லேசாக நகர்த்தி, ஆவியில் அந்த மூக்கை ஒரு தரம் காட்டிவிட்டு எடுத்தால் போதும், உப்பு கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவாள். உப்புக்கு ஏது வாசனை என்று கேட்டவர்கள் உண்டு. "உனுக்கு இல்ல, எனுக்கு கீது" என்பாள்.

வருடத்தில் மற்ற மாதங்களில் இது வெறும் ஜம்பம். ரமலான் வந்துவிட்டால்தான் காரியத்துக்கு ஆகும். பகல் முழுக்க வாயில் பச்சைத் தண்ணீர் படாமல் நோன்பு இருக்கிறவள், மாலையில் சந்துக்கே கஞ்சி காய்ச்சுகிறாள். ருசி பார்ப்பது எப்படி? நாக்கு நுனியில் ஒரு துளி வைத்து உடனே துப்பிவிடலாம், சமைக்கிறவர்களுக்கு அதில் குற்றமில்லை என்று பள்ளிவாசல் ஹஜ்ரத்தே சொல்லியிருக்கிறார். மற்ற வீட்டுப் பெண்கள் அப்படித்தான் செய்கிறார்கள். லத்தீஃபா மட்டும் செய்ய மாட்டாள். அந்தச் சலுகை சமைக்கத் தெரியாதவர்களுக்காகச் சொன்னது என்பது அவள் கட்சி.

பள்ளிவாசலிலும் கஞ்சி காய்ச்சுகிறார்கள், பெரிய அண்டாவில். ஆனாலும் சாயங்கால அஸர் தொழுகை முடிந்ததும் சந்துப் பிள்ளைகள் தூக்குச்சட்டியோடு வரிசை கட்டுவது லத்தீஃபா வீட்டு வாசலில்தான். அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், கொஞ்சம் கொத்துக்கறி, புதினா, கடைசியில் தேங்காய்ப் பால். எல்லோரும் போடுவதுதான். ஆனாலும் அவள் கஞ்சிக்கு ஒரு வாசம் உண்டு என்று பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சு காதில் விழுவதற்காகவே நோன்புக் களைப்பை மறந்து கஞ்சி கொதிக்கிற பெரிய டேக்சா முன்னால் நிற்பாள் என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். ஆனால் அது உண்மை.

அவள் புருஷன் உஸ்மான் கனிக்கு மெயின் ரோட்டில் மெத்தைக் கடை. இலவம் பஞ்சு மெத்தை, தலையணை எல்லாம் தைத்துத் தருவார். அளந்து பேசுகிற மனிதர், அதுவும் அளவில் கொஞ்சம் குறைத்தே பேசுவார். சாயங்காலம் வீடு திரும்பும்போது புருவத்தில்கூடப் பஞ்சு ஒட்டிக்கொண்டிருக்கும். லத்தீஃபாவுக்குச் சில வருடங்களாக விடாத இருமல். அதற்குக் காரணம் இந்தப் பஞ்சுதான் என்று அவளே கண்டுபிடித்து, அவளே தீர்ப்பும் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அவர் வாசலிலேயே சட்டையைக் கழற்றி உதறி, வேறு சட்டை மாட்டிக்கொண்டுதான் உள்ளே வரவேண்டும். மழையானாலும் அதேதான். அவரும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் உதறிவிட்டு வருவார்.

மகள் ஹிபாவுக்கு அம்பத்தூரில் கம்ப்யூட்டர் வேலை. காலையில் பஸ் ஏறுவதற்கு முன் சென்ட் பாட்டிலை எடுத்தாள் என்றால் வீட்டுக்குக் கொசு மருந்து அடிக்கிற மாதிரி அடித்துக்கொள்வாள். எவனையாவது மனதில் வைத்துக்கொண்டிருக்கிறாளோ என்று லத்தீஃபா கொஞ்ச நாள் கண்காணித்தாள். அப்படி யாரும் அகப்படவில்லை.

அடுப்புக்கு வருவோம். அந்த வீட்டில் கேஸ் அடுப்பு இல்லாமல் இல்லை. கல்யாணச் சீர் மாதிரி பளபளவென்று மேடைமேல் இருந்தது. அதில் டீ போடுவாள், விருந்தாளி வந்தால் ஆம்லெட் போடுவாள். சோறு, குழம்பு, குளிக்க வெந்நீர், நோன்புக் கஞ்சி எல்லாம் விறகடுப்பில்தான். நடுவில் சிலிண்டர் தீர்ந்துபோனால் என்ன செய்வது என்பது ஒரு காரணம். டேக்சா அதில் உட்காராது என்பது இன்னொன்று. கை பழகிவிட்டது என்பதுதான் நிஜக் காரணம். அம்பத்தூர் எஸ்டேட்டில் இயந்திரங்கள் வந்து இறங்கும் பேலட் கட்டைகளை உடைத்து மினி வேனில் விற்றுக்கொண்டு வருவார்கள். பைன் மரம், பற்றவைத்தால் சடசடவென்று பிடித்துக்கொள்ளும்.

முன்பெல்லாம் அந்த அடுப்பு கொல்லையில், தகரக் கொட்டகையின் கீழ் இருந்தது. புகை அது பாட்டுக்கு மேலே போய்விடும். பிறகு பக்கத்து மனையில் நாலு மாடி ஃபிளாட் எழும்பியது. இரண்டாவது மாடி பால்கனி சரியாக அடுப்புக்கு நேர் மேலே அமைந்தது. அங்கே குடிவந்தவள் வசந்தா. பாளையங்கோட்டைப் பக்கத்துப் பெண், புருஷனுக்கு ஐடி வேலை, ஒன்றாம் வகுப்பு படிக்கிற மகன். ஒரு நாள் காலையில் மகனின் வெள்ளைச் சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு தயங்கித் தயங்கி இறங்கி வந்தாள். தப்பாக நினைக்க வேண்டாம், துவைத்துக் காயப்போட்டது, பள்ளிக்கூடத்தில் பிள்ளையை மோந்து பார்த்துச் சிரிக்கிறார்கள் என்றாள்.

லத்தீஃபா சண்டைக்குப் போகவில்லை. போயிருந்தால்கூட நல்லதாகப் போயிருக்கும். மரியாதையாக உட்காரவைத்து, டீ கொடுத்து, இனிமேல் ஒரு பொட்டுப் புகை உன் பக்கம் வராது என்று வாக்குக் கொடுத்தாள். தன்னால் ஒருவருக்குத் தொந்தரவு என்று சந்தில் பேச்சு வந்துவிட்டால் அவளால் தாங்க முடியாது. அந்த வாரமே கொத்தனாரைக் கூப்பிட்டு அடுப்பை வீட்டுக்குள், பின்கட்டு அறையில் கட்டிக்கொண்டாள். அங்கிருந்த ஒரே ஜன்னல் ஃபிளாட் பக்கம் பார்த்தது. அதைச் சாத்தினாள். ஜன்னல் கதவு இடுக்கில் புகை கசிந்தது. கடையிலிருந்து கழிவுப் பஞ்சு ஒரு மூட்டை கொண்டுவரச் சொல்லி, இடுக்கு விடாமல் கரண்டிக் காம்பால் குத்திக் குத்தி அடைத்தாள். தலையணை தைப்பவர்கூட அவ்வளவு கச்சிதமாக அடைத்திருக்க மாட்டார்.

வசந்தாவுக்கு ஒரே சந்தோஷம். அக்கா நமக்காக கேஸுக்கு மாறிவிட்டார்கள் என்று அவளே முடிவு கட்டிக்கொண்டாள். தீபாவளிக்கு முறுக்கு, பொங்கலுக்குக் கரும்பு, ஊருக்குப் போய்வந்தால் அல்வா என்று மேலேயிருந்து வந்தபடி இருந்தது. லத்தீஃபா ஒவ்வொன்றையும் வாங்கிக்கொண்டு, அந்தப் புகை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணைக் கசக்கியபடி சமைத்தாள். மூன்று வருடம் அப்படியே ஓடியது.

இதற்கிடையில் உலகத்தில் வாசனைகள் குறைந்துகொண்டு வந்தன. அவளுக்கு அப்படித்தான் தோன்றியது. புதினாக்காரனிடம், இன்னா புதினா இது, வெறும் புல்லு என்று சண்டை போட்டாள். பட்டை, கிராம்பில் கலப்படம் என்றாள். கறிக்கடையில் முகம் சுளித்தாள். இப்போதெல்லாம் எல்லாம் ஹைப்ரிட், எதில் என்ன சாரம் இருக்கிறது என்று வருகிறவர் போகிறவரிடம் அங்கலாய்த்தாள். அவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். இந்தக் குறையை யார் சொன்னாலும் ஆமாம் போடுவதற்கு நம் ஊரில் ஆள் பஞ்சமில்லை.

போன ரமலானில் ஒரு நாள். கஞ்சி கொதித்துக்கொண்டிருக்கும்போது இருமல் பிடித்துக்கொண்டது. நிற்க முடியாமல் கொல்லைக்கு வந்து, துவைக்கிற கல்லில் உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமித் தீர்த்தாள். அடங்கியதும் உள்ளே போய் டேக்சாவை ஒரு கிண்டு கிண்டினாள். தேங்காய்ப் பாலை ஊற்றினாள். மூடியை நகர்த்தி மூக்கைக் காட்டினாள். எல்லாம் சரியாக இருப்பதாக மூக்கு சொன்னது. தூக்குச்சட்டிகள் நிறைந்து சந்தெங்கும் போயின. மேல் வீட்டுக்கும் ஒரு சட்டி போயிற்று.

மக்ரிப் பாங்கு சொன்னதும் மூவரும் பேரீச்சம்பழம் கடித்துத் தண்ணீர் குடித்து நோன்பு திறந்தார்கள். உஸ்மான் கனி கஞ்சியை ஒரு வாய் உறிஞ்சினார். நின்றார். கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு மருந்து குடிக்கிறவர் மாதிரி மீதியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு அல்ஹம்துலில்லாஹ் என்றார். ஹிபா வடையைப் பிட்டுப் பிட்டுக் கஞ்சியில் போட்டு அதை மறைத்துக்கொண்டிருந்தாள். லத்தீஃபா இரண்டு கிண்ணம் குடித்தாள்.

"இன்னிக்கு நல்லா வந்துகீது" என்றாள்.

அந்த நேரத்தில்தான் வசந்தா கழுவிய சட்டியில் நாலு வாழைப்பழத்தைப் போட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் அவளுக்கு இல்லை. சட்டியை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"ஒண்ணு கேட்டா கோவிக்க மாட்டீங்களேக்கா? கஞ்சி அடிப்பிடிச்சிட்டோ? நேத்தும் அப்படித்தான் இருந்துச்சு. அதுக்கு மொத நாளும். நோன்புக் கஞ்சின்னா இப்படித்தான் காய்ச்சுவாங்க போலன்னு நான் இருந்துட்டேன். போன வருசம் இப்படி இல்லையேன்னு எங்க வீட்ல சொன்னாங்க, அதான் கேக்கேன்."

லத்தீஃபா மெதுவாகப் புருஷன் பக்கம் திரும்பினாள். அவர் காலிக் கிண்ணத்துக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, அடிப்பிடிச்சிதா?"

"சாப்பாட்டைக் குறை சொல்லக் கூடாது" என்றார் உஸ்மான் கனி.

அதுதான் விஷயம். பிடித்தால் சாப்பிடு, பிடிக்காவிட்டால் பேசாமல் ஒதுக்கு, உணவைப் பழிக்காதே என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த சந்து அது. அதிலும் ஒருத்தி நோன்போடு நின்று காய்ச்சிக் கொடுத்த கஞ்சி. யார் வாயைத் திறப்பார்கள்? வீடு வீடாகத் தீய்ந்த கஞ்சியைக் குடித்துவிட்டு, துஆ செய்துவிட்டு, மறுநாளும் தூக்குச்சட்டியை அனுப்பியிருக்கிறார்கள். அத்தனை பேருடைய நல்ல பழக்கமும் சேர்ந்து லத்தீஃபாவை ஏமாற்றியிருந்தது. அந்த மரியாதையெல்லாம் தெரியாத பாளையங்கோட்டைக்காரி ஒருத்திதான் கேட்டாள்.

மறுநாள் காலை, அவர் கடைக்கும் மகள் வேலைக்கும் போன பிறகு, லத்தீஃபா வீட்டுக் கதவைத் தாழ் போட்டாள். பெருங்காய டப்பாவைத் திறந்து முகர்ந்தாள். ஒன்றுமில்லை. புருஷனின் அத்தர் குப்பியைத் திறந்து மூக்கில் தேய்க்காத குறையாக வைத்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை. கடைசியில் பரண்மேல் கட்டிவைத்திருந்த கருவாட்டு டப்பாவை இறக்கினாள். அதைத் திறந்தால் தெருமுனையில் நிற்கிற பூனை வரும். கருவாட்டுத் துண்டு ஒன்றை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். அது காய்ந்த சுள்ளி மாதிரி கையில் சும்மா இருந்தது.

அப்போது அவளுக்குப் பயம் வந்தது. கஞ்சி போனால் போகட்டும். கேஸ் கசிந்தால் எப்படித் தெரியும்? பால் திரிந்தால்? முற்றத்து மல்லிகை பூத்ததா இல்லையா என்று போய்ப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா? மூக்கு இல்லாத லத்தீஃபா யார்? டப்பாவை மூடி வைத்துவிட்டு, நோன்பில் அழக்கூடாது என்று ஒன்றுமில்லையே என்று சமாதானம் சொல்லிக்கொண்டு அழுதாள்.

சனிக்கிழமை ஹிபா அவளைக் காட்டுப்பாக்கத்தில் ஒரு மூக்கு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் கண்ணை மூடச் சொல்லி ஒவ்வொரு சின்னக் குப்பியாக மூக்கருகே நீட்டினார். லத்தீஃபா தயங்கவே இல்லை. முதல் குப்பி மல்லித்தூள் என்றாள். அது காபித்தூள். அடுத்தது சந்தனம் என்றாள். அது கிராம்பு. மூன்றாவதற்கு, இது ரொம்ப லேசாக இருக்கிறது, பன்னீராக இருக்கும் என்றாள். மூன்றாவது குப்பியை டாக்டர் இன்னும் திறக்கவே இல்லை.

எந்த அடுப்பில் சமைக்கிறீர்கள் என்று கேட்டார். கேஸ் என்றாள். நோன்பு வாயால் சொன்னது முழுப் பொய் ஆகிவிடாது, வீட்டில் கேஸும் இருக்கத்தானே செய்கிறது. "மா" என்றாள் ஹிபா. அந்த ஒரு சொல்லில் எல்லாம் வெளியே வந்துவிட்டது. பின்கட்டு அறை, சாத்திய ஜன்னல், பஞ்சு எல்லாவற்றையும் மகளே சொன்னாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"புகை போற வழியை அடைச்சுட்டு நீங்க உள்ளே உட்கார்ந்திருக்கீங்கம்மா. அது எங்கே போகும்? உங்க வழியாத்தான் போயிருக்கு."

நெஞ்சுக்கும் ஒரு சோதனை எழுதினார். குழாயில் ஊதச் சொன்னார்கள், ஊத வரவில்லை, இருமல்தான் வந்தது. வாசனை திரும்புமா என்று லத்தீஃபா கேட்டாள். வரலாம், வராமலும் போகலாம், மாதக்கணக்கில் ஆகும், முதலில் புகையை நிறுத்துங்கள் என்றார். மூக்கில் அடிக்கிற மருந்தை நோன்பு திறந்த பிறகு அடித்துக்கொள்ளலாம். தினமும் காலையில் எலுமிச்சை, கிராம்பு மாதிரி நாலு பொருளை முகர்ந்து மூக்குக்கு நினைவூட்ட வேண்டும். இருமலுக்குப் பஞ்சு காரணமா என்று ஹிபா கேட்டாள். கொல்லையில் சமைத்த காலத்தில் இருமல் இருந்ததா என்று டாக்டர் திருப்பிக் கேட்டார். லத்தீஃபா செருப்பைத் தேடினாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மேல் வீட்டுக்காரிக்கு இது தெரியவே கூடாது என்று மகளிடம் சத்தியம் வாங்கினாள். தெரிந்தால் அந்தப் பெண் மனசு கஷ்டப்படும். ஹிபா சத்தியம் செய்துவிட்டு, தான் ஏன் அவ்வளவு சென்ட் அடிக்கிறேன் என்று சொன்னாள். ஆபீஸில் ஏசி அறைக்குள் போனதும், யாரோ விறகு எரிக்கிறார்களா என்று பக்கத்து சீட்டுக்காரர்கள் கேட்பார்களாம். அவளும் அவர்களோடு சேர்ந்து சுற்றுமுற்றும் பார்ப்பாளாம். அதை அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். லத்தீஃபாவால்தான் சிரிக்க முடியவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. உஸ்மான் கனி, கல்யாண வீடுகளில் வைக்கிற பெரிய இரும்பு கேஸ் அடுப்பு ஒன்றைக் கொண்டுவந்து கொல்லையில் இறக்கினார். பிறகு நாற்காலி போட்டு ஏறி, பின்கட்டு ஜன்னல் இடுக்கிலிருந்து பஞ்சைப் பிடுங்கி வெளியே எறிந்தார். வெள்ளையாக உள்ளே போன பஞ்சு கட்டி கட்டியாகத் தார் பூசிய மாதிரி வந்து விழுந்தது. மேலே பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த வசந்தா எட்டிப் பார்த்தாள். சாத்தியே கிடக்கும் ஜன்னல் திறப்பதையும் கீழே கறுப்பாக என்னவோ விழுவதையும் கண்டு, ஏதாவது செத்துக் கிடக்கிறதோ என்று பயந்து இறங்கி ஓடிவந்தாள். அது என்ன அண்ணே என்று கேட்டாள்.

உஸ்மான் கனிக்குப் பேச்சுத்தான் குறைச்சல், பொய் சுத்தமாக வராது. மூன்று வாக்கியத்தில் முழுக்கதையும் சொல்லிவிட்டார். வசந்தா அதுவரை அந்த அறைக்குள் கால் வைத்ததில்லை. இப்போது வாசல்படியில் நின்று பார்த்தாள். சுவரும் கூரையும் விட்டமும் ஒரே கறுப்பு. அடுப்புக்கு முன்னால் ஒரு பலகை, உட்கார்ந்து உட்கார்ந்து நடுவில் மட்டும் தேய்ந்து மரத்தின் நிறம் தெரிந்தது.

"எம் பிள்ளை சட்டைக்காகவாக்கா?" என்றாள். குரல் உடைந்துவிட்டது.

லத்தீஃபாவுக்கு இல்லை என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் அந்தப் பெண் முகத்தைப் பார்த்ததும் மழுப்ப வரவில்லை. "சட்டைக்கு இல்லம்மா. என் வீம்புக்கு. நீ வந்து சொன்னப்போ, வா ரெண்டு பேரும் ஒரு வழி பாப்போம்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் நானு. ஒரு குழாய் வச்சு புகையை அந்தாண்ட அனுப்பியிருக்கலாம், இந்த அடுப்ப அன்னிக்கே வாங்கியிருக்கலாம். நல்லவன்னு பேர் வாங்கிகினு உள்ள போயி கதவ சாத்திகினேன்."

வசந்தா அழுது முடித்து, மூக்கைச் சிந்திக்கொண்டு, அடுத்த நிமிடமே காரியத்தில் இறங்கிவிட்டாள். இனி கஞ்சிக்கு ருசி பார்க்கப்போவது நான்தான் என்று அறிவித்தாள். எனக்கென்ன நோன்பா, ஒன்றா, உப்பு சரியா, அடிப்பிடித்ததா என்று பார்த்துச் சொல்லிவிட்டுப் போகிறேன் என்றாள். லத்தீஃபா முதலில் மறுத்தாள். தன் கஞ்சிக்கு இன்னொருத்தி தீர்ப்பு சொல்வதா என்று நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. ஆனால் சந்து முழுக்கத் தீய்ந்த கஞ்சியைச் சத்தம் போடாமல் குடித்தது அதைவிட ஆழமாகக் குத்தியது. சரி என்றாள்.

அன்றிலிருந்து அஸருக்கு முன்னால் வசந்தா ஒரு சின்னக் கரண்டியோடு கொல்லையில் ஆஜர். அவள் நாக்கு ஊர்ப்பக்க நாக்கு, எதற்கும் இன்னும் கொஞ்சம் தேங்காய்ப் பால் விடலாம் என்றே சொல்லும். நோன்பாளி பக்கத்தில் நின்று பார்க்க, அவள் கண்ணை மூடி ரசித்துக் குடித்துவிட்டு, இன்னொரு கரண்டி குடித்தால்தான் நிச்சயமாகச் சொல்ல முடியும் என்பாள். இது ருசி பார்க்கிறதா, விருந்து சாப்பிடுகிறதா என்று லத்தீஃபா முறைப்பாள். பெருநாளைக்குள் சந்தில் கஞ்சி பழையபடி ஆகிவிட்டது என்ற பேச்சு எழுந்தது. போன வருடத்தைவிட நன்றாக இருக்கிறது என்றுகூட ஒரு வீட்டில் சொன்னார்களாம். அதை மட்டும் வசந்தாவிடம் யாரும் சொல்லிவிடாதபடி லத்தீஃபா பார்த்துக்கொண்டாள்.

ஆனால் மூக்கு வரவில்லை. பெருநாள் போயிற்று, பக்ரீத் போயிற்று. தினமும் காலையில் எலுமிச்சை, கிராம்பு, சோம்பு, சோப்பு என்று வரிசையாக வைத்து முகர்ந்தாள். நாலும் ஒன்றாகவே இருந்தன. நெஞ்சு லேசாகியிருந்தது. படி ஏறினால் மூச்சு வாங்குவது குறைந்தது. இருமல் எப்போது நின்றது என்று அவளுக்கே தெரியவில்லை. ஒரு நாள் நினைத்துப் பார்த்தபோதுதான் அது இல்லை என்பது தெரிந்தது. உஸ்மான் கனி அப்போதும் புருவமெல்லாம் பஞ்சோடுதான் வந்துகொண்டிருந்தார், வாசலில் நின்று சட்டையை உதறிக்கொண்டிருந்தார். இனிமேல் உதற வேண்டாம் என்று சொல்ல அவள் பல நாள் வாயெடுத்தாள். அப்படிச் சொன்னால் இத்தனை நாள் உதறச் சொன்னது தப்பு என்றாகிவிடுமே. அதனால் சொல்லாமல் இருந்தாள். முகர்கிற வேலையையும் ஒரு கட்டத்தில் வெறுத்துப்போய் விட்டுவிட்டாள்.

மழைக்காலம் ஆரம்பித்த சமயம், ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து வந்த உஸ்மான் கனி கடைக்குத் திரும்பிப் போகவில்லை. ஊருக்கெல்லாம் மெத்தை தைக்கிறவர் வீட்டு மெத்தை கட்டாந்தரை மாதிரி ஆகி வருடக்கணக்காயிற்று. இன்றைக்கு அதை ஒரு கை பார்க்கலாம் என்று கூடத்தில் உட்கார்ந்து தையலைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

லத்தீஃபா கொல்லையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். சட்டென்று கை நின்றது. எங்கேயோ தீய்கிறது.

எழுந்து ஓடி கேஸ் அடுப்பைப் பார்த்தாள். அணைந்திருந்தது. மேடைமேல் இருந்த அடுப்பும் அணைந்திருந்தது. ஸ்விட்ச் போர்டுகளைத் தொட்டுப் பார்த்தாள். சந்துக்கு ஓடி இரண்டு பக்கமும் பார்த்தாள். அண்ணாந்து, வசந்தா, உங்க ஊட்ல எதனா தீயுதா பாரு என்று கத்தினாள். வசந்தா மேலே அடுப்பை அணைத்துவிட்டுக் கீழே ஓடிவந்து, மூக்கை விடைத்துக்கொண்டு நாலு பக்கமும் மோப்பம் பிடித்தாள். ஒன்றும் தீயவில்லையே அக்கா என்றாள். தீயுது, எனுக்குத் தெரியாதா, நல்லா வாசம் வருது என்று லத்தீஃபா அதட்டினாள்.

சொன்ன பிறகு இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வசந்தா வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

லத்தீஃபா மோப்பத்தைத் தொடர்ந்தாள். கொல்லையில் இல்லை. பின்கட்டில் இல்லை, அதைக் கழுவி வெள்ளையடித்தாகிவிட்டது. கூடத்துக்கு வர வர அது வலுத்தது. பிரித்துப் போட்ட மெத்தைக்கு நடுவே உஸ்மான் கனி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வாய் பிளந்து ஒரு தலையணை. அவள் குனிந்து அதை எடுத்து முகத்தில் வைத்தாள். பழைய புகை, ஊறிப்போன புகை, கண்ணில் நீர் வரவழைக்கிற புகை. இன்னொரு தலையணையை எடுத்து வைத்துப் பார்த்தாள். அதில் அவ்வளவு இல்லை.

"இது யாரு தலகாணி?" என்றாள், முதலாவதைக் காட்டி.

"உன்னுதுதான்" என்றார்.

தினம் தினம் அவள் தலைமுடியிலிருந்து இறங்கிய புகை அது. அவள் அப்படியே அந்தப் பஞ்சுக் குவியலில் உட்கார்ந்துவிட்டாள். வாசலில் நின்ற வசந்தா, மேலே வேலை இருக்கிறது என்று முணுமுணுத்துவிட்டு நகர்ந்தாள்.

"இந்த நாத்தத்துப் பக்கத்துலயா இத்தினி வருசமா படுத்துகினு இருந்தீங்க?" என்றாள் லத்தீஃபா. "பஞ்சு பஞ்சுன்னு உங்கள மழையில எல்லாம் வாசல்ல நிக்க வச்சேனே. ஒரு வார்த்த திருப்பிச் சொல்லக் கூடாதா?"

உஸ்மான் கனி நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். ஊசியில் கோத்தார்.

"சாப்பாட்டையே குறை சொல்லக் கூடாது. பொண்டாட்டியச் சொல்லலாமா?"

அவள் நகர்ந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தோளில் ஒட்டியிருந்த பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள். அப்போது புகைக்கு அடியிலிருந்து இன்னொரு வாசனை, ரொம்ப மெலிசாக, வந்தது. சட்டையின் கழுத்துப் பட்டி அருகே மூக்கைக் கொண்டுபோனாள். வெள்ளிக்கிழமை அத்தர். ஆனால் அவளுக்குத் தெரிந்த அத்தர் இல்லை.

"அத்தர மாத்திட்டீங்களா?"

"ஆமா."

"எப்போ?"

உஸ்மான் கனி ஊசியைத் தலையணையில் குத்திவிட்டு யோசித்தார்.

"ரெண்டு வருசம் ஆவுது" என்றார்.